வீடும் நாடும் குடிமையும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தமிழிலே 'குடி' என்பது மிகப் பழைய சொல். வீடு, குடும்பம், மரபு, ஊர், மன்னனின் ஆட்சிக்கு உட்பட்ட மக்கள் என்று அதன் பொருள் படிப்படியாக விரிந்து சென்றது. குடிசை, குடியிருப்பு, குடித்தனம், குடிசன மதிப்பு என நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் பலவற்றிலும் அதன் வேர் ஓடியிருக்கக் காணலாம். திருவள்ளுவர் 'குடிமை' என ஓர் அதிகாரமும், 'குடிசெயல்வகை' என வேறோர் அதிகாரமும் வகுத்துள்ளார். முன்னது நற்குடியிற் பிறந்தாரின் இயல்பைக் கூறுவது. பின்னது தான் பிறந்த குடியை உயர்த்தப் பாடுபடுவோனின் செயலைக் கூறுவது. ஒன்று பிறப்போடு வருவது. மற்றையது முயற்சியால் வருவது.

இந்த வேறுபாட்டை இன்றைய உரைக்கு அடிப்படையாகக் கொள்ள விரும்புகின்றேன். ஏனெனில் நாம் இன்று 'குடியுரிமை' என்றும் 'பிரசாவுரிமை' என்றும் வழங்கும் கருத்துக்கும் இவ்விரு பக்கங்களும் உண்டு. ஒரு பக்கம் சட்டம் தருகின்ற தகுதி. மறுபக்கம் அத்தகுதியைக் கொண்டு மனிதன் ஆற்றுகின்ற செயல். முதலாவது குடியுரிமை, இரண்டாவது குடிமையுணர்வு. இவ்விரண்டும் சேராத இடத்தில் தேசிய அபிவிருத்தி என்பது மேடைச் சொல்லாகவே நின்றுவிடும் என்பது என் எண்ணம். இதனை வெறும் தத்துவமாகப் பேசாது, நமது நாட்டிலேயே நடந்த ஒரு வரலாற்றைக் கொண்டு நோக்குவோம். மலையகத் தமிழ் மக்களின் வரலாறே அது.

மன்னராட்சியிலே குடி என்பவன் வரி இறுப்பவன், ஆணைக்கு அடங்குபவன். தன்னை ஆள்பவன் யார் என்று தீர்மானிக்கும் உரிமை அவனுக்கு இல்லை. குடியாட்சியிலோ ஆள்வோரைத் தெரிவு செய்பவனே குடிமகன். நமது நாட்டில் இம்மாற்றம் 1931 ஆம் ஆண்டில், டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தபோது தொடங்கியது எனலாம். ஆணும் பெண்ணும் வாக்களிக்கலாம் என்ற அந்த ஏற்பாடு ஆசியாவிலேயே முன்னோடியானது. தோட்டத் தொழிலாளருக்கும், பல நிபந்தனைகளோடுதான் எனினும், அந்த வாக்குரிமை கிட்டியது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களுள் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து தெரிவானவர் ஓர் எழுத்தாளர். ஸி. வி. வேலுப்பிள்ளை என்ற அப்பெயரை இலக்கிய நேயர்கள் நன்கறிவர்.

அடுத்த ஆண்டே நாடு சுதந்திரம் பெற்றது. சுதந்திர நாட்டின் குடிமக்கள் யாவர் என வரையறுக்க 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் கேட்டது என்ன? இந்நாட்டிற் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இந்நாட்டிற் பிறந்தவராக இருத்தல் வேண்டும், அன்றேல் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கு பிறந்தவராக இருத்தல் வேண்டும் என்று அது கேட்டது. படிப்பதற்கு எளிய நிபந்தனைதான். ஆயின் லயன் அறையிலே பிறந்தவன், பிறப்புப் பதிவு ஒழுங்காக நடவாத காலத்திலே பிறந்த தன் தந்தைக்கு எங்கே பத்திரம் தேடுவான்? பாட்டனுக்கு எங்கே தேடுவான்? காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்ட கைகளுக்கு மலைச்சரிவே சாட்சி. ஆனால் மலைச்சரிவு எந்த அலுவலகத்திலும் வந்து சாட்சி சொல்வதில்லை.

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர்கள் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெற வழி செய்தது. திருமணமானவர் ஏழாண்டும் ஆகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இங்கு வசித்தமையை நிரூபித்தல் வேண்டும். ஏறக்குறைய எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஆண்டுகள் பல கழிந்து பார்க்கையில், ஏற்றுக்கொள்ளப்பட்டோர் ஏறக்குறைய 134,000 பேர் மட்டுமே. அதே 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் பிரசைகள் அல்லாதாரின் வாக்கையும் நீக்கியது. 1947 இல் ஏழு உறுப்பினரை அனுப்பிய மக்கள் 1952 இல் ஒருவரையும் அனுப்ப முடியாதவராயினர்.

நேயர்களே, இங்கே அபிவிருத்தி என்ற விடயத்தைச் சற்று இணைத்துப் பார்க்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பிந்திய பல ஆண்டுகள் நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கைத் தேடித் தந்தது தேயிலை. இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் தாங்கி நின்ற பொருளாதாரத்தின் பெருந்தூணும் அதுவே. அக்கொழுந்தைக் கிள்ளியவர்களின் பிள்ளைகள் கற்ற தோட்டப் பாடசாலைகளோ 1970 களிலேதான் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. நாட்டின் செல்வத்தைப் பெருக்குவோர் பட்டியலில் முதலிடத்திலும், அச்செல்வத்தைப் பங்கிடுவோர் பட்டியலில் இடமில்லாமலும் ஒரு சமூகம் நின்றது. உற்பத்தி வளர்ந்தது, மனிதர் வளரவில்லை. வாக்கில்லாதவனின் குடிநீருக்காகவும் பள்ளிக்கூடத்துக்காகவும் பேசுவதால் எந்த அரசியல்வாதிக்கும் இலாபமில்லை என்பதே இதற்குரிய எளிய காரணம்.

இந்நிலையை முதலில் உணர்ந்து எழுதியவர்கள் யார் என்று நோக்கினால், இலக்கியமும் குடிமையுணர்வும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பது புலனாகும். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தினார், தொழிற்சங்கம் அமைத்தார், சட்டசபையிலும் பின்னர் அரசுச் சபையிலும் பேசினார். தொழிலாளரின் உரிமைகளைத் தொழிலாளருக்கு விளங்கும் மொழியிலே துண்டுப் பிரசுரங்களாகவும் நூல்களாகவும் எழுதி, தோட்டத்துக்குள் எட்டச் செய்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டுக்களை இயற்றிக் கூட்டங்களிலே தாமே பாடினார். எழுத்தறியாதவரிடம் சட்டத்தைக் கொண்டு செல்ல வேண்டுமாயின் அதற்குப் பாட்டே ஏற்ற வாகனம் என்பதை அவர் அறிந்திருந்தார். குடியியற் கல்வி என்று பாடசாலையிலே ஒரு பாடம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே அப்பாடம் லயன் முற்றத்திலே பாட்டாக நடந்தேறியது.

ஸி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்தோ வேறு வகையானது. 1914 ஆம் ஆண்டிலே மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த அவர், தோட்டத்து மனிதரை ஆங்கிலத்திலே பாடி உலகுக்குக் காட்டினார். அவர்களுடைய நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் எழுதிய நாவலின் பெயர் 'வீடற்றவன்'. அவருடைய மற்றொரு நூலின் பெயர் 'நாடற்றவர் கதை'. இவ்விரு தலைப்புக்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தமிழிலே 'குடி' என்ற ஒரே சொல்லுக்குள் வீடும் உண்டு, நாடும் உண்டு என்றோம். அவ்விரண்டையும் இழந்தவர்களைப் பற்றியே அவ்வெழுத்தாளர் பேசினார். வாக்குரிமை இருந்த காலத்திலே பாராளுமன்றத்தில் அமர்ந்தவர், அவ்வுரிமை பறிபோனபின் எழுதுகோலையே தம் மக்களின் பிரதிநிதியாக்கினார் என்றால் அது மிகையாகாது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரைக் கணக்கிலெடுத்தது. அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. 1974 இல் அந்த எஞ்சியோரையும் இரு நாடுகளும் 75,000 பேராகச் சமமாகப் பங்கிட்டுக் கொண்டன. ஒரே லயனில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் ஆனார்கள். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஒப்பந்தங்களின் வாசகத்திலே இல்லாத உண்மை அந்த இரண்டு சொற்களிலே இருக்கின்றது.

எஞ்சியோருக்கு 1986 ஆம் ஆண்டிலும் 1988 ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வந்தன. இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. அதனையடுத்து நடைபெற்ற பதிவு இயக்கத்திலே ஏறக்குறைய 190,000 பேர் பயன் பெற்றனர். 1948 இலிருந்து 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள். ஒரு மனிதனின் உழைக்கும் வாழ்வு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

சரி, நேயர்களே, சட்டம் வந்துவிட்டது. கதை முடிந்ததா? இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதிக்க வேண்டும்.

எனது முதல் நியமனம் மலையகத்துப் பாடசாலை ஒன்றிற் கிடைத்தது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வந்து சில ஆண்டுகள் சென்றிருந்தன. பதினோராம் வகுப்பிலே தமிழிற் சிறந்து விளங்கிய மாணவி ஒருத்தி இருந்தாள். சாதாரண தரப் பரீட்சைக்காக எல்லா மாணவரும் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தனர். இவளுடைய விண்ணப்பம் மட்டும் திரும்பி வந்தது. பாடசாலை இடாப்பிலே இருந்த பெயர் வேறு. பிறப்புச் சான்றிதழிலே இருந்த பெயர் வேறு. தந்தையின் பெயரோ இரண்டிலும் ஒத்துவரவில்லை. பிறந்தபோது யாரோ சொன்னதை, தமிழ் தெரியாத யாரோ காதிற் கேட்டபடி எழுதிய எழுத்து அது. பதினாறு ஆண்டுகளாக அதனை எவரும் திருத்தவில்லை.

அவளுடைய தாத்தா ஒரு பழைய தகரப் பெட்டியுடன் பாடசாலைக்கு வந்தார். பெட்டிக்குள் மஞ்சள் ஏறிய தாள்கள். அவருடைய தந்தை 1951 இல் கொடுத்த விண்ணப்பம் பற்றிய கடிதமும் அவற்றுள் இருந்தது. நான் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உட்காரவில்லை.

"இருங்க தாத்தா" என்றேன்.

"இருக்கட்டும் ஐயா. எங்கப்பாகிட்ட கடுதாசி இல்லன்னு சொன்னாங்க. எனக்கு நாடு இல்லன்னு சொன்னாங்க. இப்ப எல்லாம் இருக்குன்றாங்க. இந்தப் புள்ளைக்குப் பேரு சரியில்லன்றாங்க. அம்புட்டுத்தான் ஐயா."

அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. வழக்கமாக நடப்பதொன்றைச் சொல்வதுபோலவே சொன்னார். அதுதான் என்னைச் சுட்டது. அவ்வாண்டு முழுவதும் அவளுடைய வரவு இடாப்பிலே நான் அன்றாடம் அடையாளமிட்டேன். அவளுடைய கட்டுரைகளிலே ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினேன். அவளுடைய பிறப்புச் சான்றிதழிலே இருந்த எழுத்துப் பிழையை ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை. தமிழாசிரியன் ஒருவன் கவனித்திருக்க வேண்டிய பிழைகளுள் அதுவே பெரியது.

அதன்பின் பத்திரங்களைத் திரட்டினோம். சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, பிறப்புப் பதிவைத் திருத்துவதற்கு விண்ணப்பித்தோம். தாத்தாவோடு நானும் பிரதேச செயலகத்துக்குப் பலமுறை ஏறி இறங்கினேன். அவள் தற்காலிக அத்தாட்சிப் பத்திரத்தோடு பரீட்சை எழுதினாள்; அட்டை அடுத்த ஆண்டு கைக்கு வந்தது. அந்நாட்களிலேதான் குடியுரிமைக்கும் குடிமையுணர்வுக்கும் இடையிலுள்ள தூரம் எனக்கு விளங்கிற்று. உரிமையைப் பாராளுமன்றம் தரலாம். அவ்வுரிமையை வீட்டு வாசல்வரை கொண்டு சேர்ப்பது அறிவும் கவனமும் அயலவரின் துணையுமே.

குழந்தை பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்பதைத் தெரிந்த குடும்பம் ஒரு வகை. தெரியாத குடும்பம் மற்றொரு வகை. பதிவு இல்லையேல் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லையேல் தொழில், வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு, ஓய்வுகால நிதி யாவும் சிக்கலாகும். வாக்காளர் இடாப்பிலே பெயர் இல்லையேல் வாக்கும் இல்லை. ஓர் எழுத்துப் பிழையிலிருந்து ஒரு வாழ்க்கை இவ்வாறு படிப்படியாகத் தாழ்ந்து போகின்றது. ஒரு வாழ்க்கை தாழ்ந்தால் அதன் உழைப்பும் ஆற்றலும் நாட்டுக்கு இழப்பாகின்றன. தேசிய அபிவிருத்தியை நாம் பெரிய அணைகளிலும் நெடுஞ்சாலைகளிலும் தேடுகின்றோம். அதன் முதற்படி பதிவாளரின் மேசையிலே இருக்கின்றது.

மற்றோர் உதாரணமும் நோக்கற்பாலது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு நீண்ட காலம் தோட்டங்களுக்கு ஒரு தடையாக இருந்தது. தோட்டக் குடியிருப்புக்களிலே பிரதேச சபை தன் நிதியைக் கொண்டு வேலை செய்வதற்கு அது வழிவிடவில்லை. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். தம்மவரை உறுப்பினராகவும் அனுப்பினார்கள். ஆனால் தம் லயனுக்குச் செல்லும் பாதைக்கு அச்சபையின் பணத்தைச் செலவிட முடியாதிருந்தது. கிராமத்து எல்லைவரை தார் வீதி. தோட்டத்து எல்லையிலிருந்து கல்லும் சேறும். இவ்வேறுபாட்டைக் கண்ணாற் கண்டவர் பலர். அதற்குக் காரணம் ஒரு சட்டப் பிரிவு என்பதை அறிந்தவர் சிலர். அச்சிலர் தொடர்ந்து எடுத்துரைத்ததன் பயனாகவே 2018 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. பாதை பழுதென்று சலிப்பது மனித இயல்பு. ஏன் பழுதாயிருக்கின்றது என்று கேட்டறிவது குடிமையுணர்வு. அக்காரணத்தை நீக்கும்வரை ஓயாதிருப்பதே குடிசெயல்.

இவ்வாறு கேட்டறிவதற்கு இன்று நம்மிடம் கருவிகள் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் பொது நிறுவனம் ஒன்றிடம் தகவல் கோரலாம். நம் ஊர்ப் பாதைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என ஒரு தாளிலே எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுத்தாற் போதும். கோரிய தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆகையால் நம் மொழியிலே எழுதி நம் மொழியிலே மறுமொழி கேட்பது சலுகை அன்று, உரிமை. எனினும் படித்தவர்களாகிய நாமே விளங்காத மொழியிலுள்ள படிவத்திற் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிட்டு வருகின்றோம் அல்லவா?

உரிமையைப் பற்றியே பேசி முடித்தல் நேர்மையாகாது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்புரை குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைக் கூறுகின்றது. அரசியலமைப்பைப் பேணல், தேசிய நலனை வளர்த்தல், ஏற்ற தொழிலை மனச்சாட்சியோடு செய்தல், பொதுச் சொத்தைப் பாதுகாத்தல், பிறர் உரிமையை மதித்தல், இயற்கையைக் காத்தல் என்பன அவை. இவற்றை நீதிமன்றத்தின் மூலம் எவர்மீதும் திணிக்க முடியாது. திணிக்க முடியாதவை என்பதனாலேயே அவை நம் மனச்சாட்சியை நம்பி நிற்கின்றன. பேருந்தின் இருக்கையைக் கிழிப்பவனும், வீட்டுக் கழிவை ஆற்றிலே கொட்டுபவனும், அலுவலக மேசையிலே ஏழையை நாளை வாவென்று திருப்பி அனுப்புபவனும் பத்திரத்தின்படி முழுப் பிரசைகளே. ஆயின் அவர்களிடம் உள்ளது குடியுரிமை மட்டும்.

கடமையைப் போதிப்பவர் ஒன்றை மறத்தலாகாது. உரிமையை மறுத்துவிட்டுக் கடமையை மட்டும் ஒருவனிடம் கேட்பது அறமாகாது. வீடற்றவனிடம் நாட்டுப்பற்றைப் பற்றி விரிவுரை செய்வதும் அத்தகையதே. இன்றும் லயன் அறைகளில் வாழும் குடும்பங்கள் உள்ளன. தமக்கெனக் காணித் துண்டோ தனி முகவரியோ இல்லாதார் உள்ளனர். நாடற்றவர் கதை சட்டத்திலே முடிந்தது. வீடற்றவன் கதை இன்னும் முடியவில்லை.

தொடக்கத்திலே கூறிய இரண்டு அதிகாரங்களுக்கு மீண்டும் வருகின்றேன். அரசியலமைப்பின் 26 ஆம் உறுப்புரை, மரபுவழியால் வந்த பிரசை என்றும் பதிவால் வந்த பிரசை என்றும் வேறுபாடு காட்டலாகாது என்று கூறுகின்றது. பிறப்பால் வரும் பெருமையைச் சட்டமே ஒரு புறம் ஒதுக்கிவிட்டது. அப்படியாயின் குடிமக்களாகிய நமக்குள் ஏற்றத்தாழ்வு எதனால் அமையும்? குடியை உயர்த்தப் பாடுபடும் செயலால் மட்டுமே அமையும். வள்ளுவர் காலத்திலே குடி என்பது குடும்பம். இன்று அது நாடு வரை விரிந்துவிட்டது. செய்யவேண்டிய வகையும் அவ்வாறே விரிந்திருக்கின்றது.

நிறைவாக நேயர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். பெயரும் தந்தை பெயரும் பாடசாலை இடாப்போடு ஒத்திருக்கின்றனவா என்று ஓர் எழுத்தும் விடாது படியுங்கள். பின்னர் அயல் வீட்டிலே எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால் அவர்களுடையதையும் கேட்டுப் படித்துக் கொடுங்கள். ஆசிரியர்களாயின் வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளுடையதையும் பாருங்கள்.

அந்த மாணவி இன்று ஓர் ஆசிரியை. புதிய ஆண்டு தொடங்கும்போது அவள் முதலிற் செய்யும் வேலை இதுதான் என்று அண்மையிற் சந்தித்தபோது கூறினாள். தாத்தா இப்போது இல்லை. அந்தத் தகரப் பெட்டி அவளிடம் இருக்கின்றது.